மட்டக்களப்பிலிருந்து மோட்டார் சைக்கிள் பயணமாக வெளிநாடு: பாஷை தெரியாத ஊரில் சமாளிக்க முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பதினெட்டு வயதுக்கு முன்பே மோட்டார் சைக்கிள் கைக்குப் பழகிவிடும். அதனால் வெளிநாட்டில் போய் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு ஓட்டத்தில் பயமில்லை. "அங்கே போய் என்னத்தைக் கதைக்கிறது?" என்பதுதான் தடுத்து நிறுத்துகிறது. இந்தப் பயத்துக்காக ஒரு பாஷையையே படிக்க வெளிக்கிட வேண்டாம். ஒரு மோட்டார் சைக்கிள் பயணத்தில் பிற மனிதரிடம் கட்டாயம் வாய் திறக்க வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான்: வண்டி எடுக்கும்போது, பெற்றோல் ஷெட்டில், பஞ்சர் கடையில், வழி கேட்கையில், சாப்பாட்டுக் கடையில், தங்குமிடத்தில், பொலிஸ் மறிக்கையில், விபத்து நடந்தால். இந்த எட்டுக்கும் தனித்தனியாக ஆயத்தம் செய்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஆயத்தந்தான்.

முதலில் நாட்டைத் தெரிவு செய்யுங்கள்

முதல் பயணத்துக்கு மூன்று நாடுகள் எங்கள் ஆட்களுக்குப் பொருத்தம்: இந்தியா, மலேசியா, தாய்லாந்து. மூன்றிலும் எங்களைப் போலவே இடது பக்க ஓட்டம். புது ஊரில், புரியாத எழுத்துகளுக்கு நடுவே, எதிர்ப்பக்க ஓட்டத்தையும் சேர்த்துப் பழகுவது பெரிய சுமை. வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றும் வலது பக்கம்.

வியட்நாமைப் பின்னுக்குத் தள்ளச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. இலங்கை 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தில் இருக்கிறது. எங்களுக்குக் கிடைக்கும் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் அந்த ஒப்பந்தத்தின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின்படியான பத்திரத்தை. அங்கே வாடகைக்கு வண்டி தருகிறவர் எதையும் கேட்காமல் திறப்பை நீட்டுவார். ஆனால் விபத்து என்று வந்தால் நீங்கள் லைசன்ஸ் இல்லாமல் ஓடியவர் ஆகிவிடுவீர்கள், காப்புறுதியும் கைவிட்டுவிடும்.

பாஷைப்படி பார்த்தால் தமிழ்நாடும் கேரளமும் முதல் படி, மலேசியா இரண்டாவது, வட தாய்லாந்து மூன்றாவது. மலேசியாவில் மேற்குக் கரைப் பட்டணங்களில் தமிழ் கதைக்கிற கடைக்காரர் கிடைப்பார். மலாயும் ரோமன் எழுத்தில் இருப்பதால் பலகைகளை எழுத்துக்கூட்டியாவது வாசிக்கலாம். தாய்லாந்தில்தான் எழுத்தே புதிது.

காலத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டின் கரையோரத்துக்கு எங்கள் மாரி மழைதான், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. வட தாய்லாந்துக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை. பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயலும் காடும் எரிக்கிற புகை மலைகளை மூடிவிடும். கண்ணும் எரியும், காட்சியும் தெரியாது.

சொந்த மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்பார்கள். தீவிலிருந்து வெளியே எடுக்கக் கப்பலில் ஏற்ற வேண்டும். வண்டியைத் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்குப் பிணையாக 'கார்னே' என்ற சுங்கப் பத்திரத்தை இந்தியா கேட்கும். காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல் பயணிகளுக்கானது, வாகனங்களுக்கல்ல. முதல் பயணத்துக்கு வாடகை வண்டியே சரி.

கடதாசி வேலை

உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 'ஏ1' மட்டும் இருந்தால் அது 100 சிசி வரைக்குந்தான். வெளிநாட்டில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 110 சிசிக்கு மேல். ஆகவே 'ஏ' வகுப்பு கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வேலை அதை எடுப்பது.

பிறகு கொழும்பு 3இல் இருக்கும் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுங்கள். ஒரு வருடம் செல்லும். கையில் வாங்கிய உடனே, கவுண்டரை விட்டு நகர முன்னம், மோட்டார் சைக்கிளுக்குரிய 'ஏ' கட்டத்தில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கார் கட்டத்தில் மட்டும் முத்திரை இருந்தால் அந்தப் புத்தகம் உங்கள் பயணத்துக்கு உதவாது. இது தனியாகச் செல்லாது. இலங்கை லைசன்ஸையும் கூடவே காட்ட வேண்டும்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது முகவரிடம் கேட்க வேண்டியவை: மோட்டார் சைக்கிள் ஓடுவது அடங்குமா, எத்தனை சிசி வரை, பின்னால் இருப்பவருக்கும் உண்டா. 125 சிசியோடு நிறுத்திவிடுகிற காப்புறுதிகள் இருக்கின்றன. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஊரிலேயே பழகுங்கள்

எங்கள் கரையோரம் தட்டையானது. கல்லடிப் பாலத்து ஏற்றமே எங்களுக்கு ஏற்றம். ஏ4 வீதியில் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று எத்தனை தரம் ஓடினாலும் மலை ஓட்டம் பழகாது. போக முன்னம் ஒரு தரமாவது செங்கலடியிலிருந்து ஏ5 வீதியால் மகா ஓயா, பதியத்தலாவ போய், அங்கிருந்து மகியங்கனை தாண்டி பதினெட்டு வளைவு ஏறி இறங்குங்கள். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இராமல் இரண்டாம் கியரில் இஞ்சின் இழுவையில் இறங்கப் பழக வேண்டும். காட்டுப் பகுதியைப் பகலிலேயே கடந்துவிடுங்கள், பொழுதுபட்டால் யானை.

அதே பயணத்தில் பாஷைப் பயிற்சியும் செய்யலாம். பதியத்தலாவைக்கு அங்காலே சிங்களம் தெரியாத ஒருவர் ஒரு நாள் முழுக்க கை, படம், போன் மூன்றையும் மட்டும் வைத்துச் சாப்பிட்டு, காற்றடித்து, தங்கிப் பாருங்கள். எங்கே தடக்குப்படுகிறீர்களோ, கீழே சொல்லும் வாக்கிய அட்டையில் அதைத்தான் சேர்க்க வேண்டும்.

அட்டையும் போனும்

போன் விழும், நனையும், சார்ஜ் இறங்கும். அதனால் முதலில் கடதாசி. உள்ளங்கையளவு அட்டை ஒன்றைத் தயார் செய்து லெமினேட் பண்ணுங்கள். ஒரு பக்கத்தில் பெயர், இரத்த வகை, ஒவ்வாமை, எடுக்கிற மருந்து, வீட்டு போன் இலக்கம், காப்புறுதி இலக்கம். இதை ஆங்கிலத்திலும் போகிற நாட்டு எழுத்திலும் எழுத வேண்டும். மறுபக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள், ஒவ்வொன்றும் இலக்கமிட்டு, தமிழிலும் அந்த நாட்டு எழுத்திலும்: டாங்கி நிரப்புங்கள், டயர் பஞ்சர், கிட்டிய கராஜ் எங்கே, எவ்வளவு, எழுதிக் காட்டுங்கள், பன்றி இறைச்சி வேண்டாம், மாட்டிறைச்சி வேண்டாம், இன்றிரவு அறை இருக்கிறதா, வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், பொலிஸைக் கூப்பிடுங்கள், எனக்கு உங்கள் பாஷை வாசிக்கத் தெரியாது. விரலால் தொட்டுக் காட்டினால் வேலை முடியும். ஒரு பிரதி பொக்கெட்டில், ஒன்று சீட்டுக்குக் கீழே.

போனில் மொழிபெயர்ப்புச் செயலியைப் போட்டு, போகிற நாட்டு மொழியை இணையம் இல்லாமல் வேலை செய்யும்படி வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள். கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியையும் இறக்குங்கள். மலைப்பாதைகளுக்கு ஆர்கானிக் மேப்ஸ் போல இணையமே தேவைப்படாத இன்னொன்றும் இருக்கட்டும்.

செயலி பிழைவிடும் இடம் எங்கள் பேச்சு வழக்கு. "பின் சில்லுக்குக் காத்துப் போயிற்று" என்று கொடுத்தால் எதையோ சொல்லும். "பின் டயரில் ஓட்டை. ஒட்ட முடியுமா?" என்று கொடுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்கள் ஆங்கிலத்திலிருந்து மாற்றினால் தாய்லாந்து மொழிக்கு இன்னும் சுத்தமாக வரும். வந்ததை அப்படியே திருப்பித் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். கருத்து மாறியிருந்தால் வேறு சொல் போட்டு மறுபடி. பத்துச் செக்கன் வேலை, பெரிய குழப்பத்தைத் தவிர்க்கும்.

படங்கள் சேர்த்து வையுங்கள்: பிளக், செயின், கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ, டியூப், ஃபியூஸ், பல்ப். மெக்கானிக்குக்கு இதுவே போதும்.

தமிழ்நாட்டில் தமிழ்

தமிழ்நாட்டில் பாஷைப் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் முதல் நாளே திகைப்பார்கள். திறப்பு என்று கேட்டால் விளங்காது, சாவி. பெற்றோல் ஷெட் அங்கே பெட்ரோல் பங்க். கராஜ் என்பது மெக்கானிக் கடை. சில்லு என்றால் வேறு நினைப்பார்கள்; வீல் என்று சொல்லுங்கள். சைக்கிள் என்றால் மிதிக்கிற சைக்கிள் மட்டுந்தான். மோட்டார் சைக்கிளுக்கு வண்டி அல்லது பைக். "வெளிக்கிடுறம்", "பேந்து" போன்றவற்றை விட்டு "கிளம்புறோம்", "அப்புறம்". ஒரு நாளில் நாக்கு பழகிவிடும்.

ஒன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள்: அங்கே நீங்கள் வெளிநாட்டவர். தமிழ் கதைப்பதால் உள்ளூர் ஆள் போல நடக்கக் கூடாது. கடவுச்சீட்டும் விசாவும் எப்போதும் மேலில் இருக்க வேண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதி 'படிவம் சி' என்ற விபரத்தை அரசுக்குப் பதிய வேண்டும். அந்தப் பதிவு வசதி இல்லாத சின்ன லொட்ஜ்கள் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு இது நடந்தால் கஷ்டம், அறையைப் பதிவு செய்யும் போதே "வெளிநாட்டவரை எடுப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு ஏற 2024 மே முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை (இணையத்தில் எடுக்கும் அனுமதி) வந்தது. புறப்பட முன் அப்போதைய நிலையைப் பாருங்கள். முதுமலையிலிருந்து பந்திப்பூர் ஊடாகக் கர்நாடகம் போகும் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை பூட்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் வால்பாறையின் 40ம் பதினெட்டு வளைவில் பழகியவருக்கு நல்ல விருந்து.

வண்டி எடுக்கும் இடத்தில்

இந்தியாவில் சட்டப்படி வாடகைக்கு விடும் மோட்டார் சைக்கிளுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் அது ஒருவரின் சொந்த வண்டி. மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். விபத்தில் காப்புறுதி நிற்காது. ஆர்.சி. என்கிற வண்டிப் பதிவுப் புத்தகம், காப்புறுதி, புகைச் சான்று மூன்றும் கையில் வர வேண்டும்.

தாய்லாந்தில் கட்டாயக் காப்புறுதியை 'போ ரோ போ' என்பார்கள். அது காயத்துக்கு ஓரளவு செலவு தரும், வண்டியின் சேதத்துக்குத் தராது. "இன்சூரன்ஸ் இருக்கு" என்று கடைக்காரர் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

கடவுச்சீட்டை அடகாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பிரதியும் காசு வைப்பும் ஏற்கிற கடையைத் தேடுங்கள். கடவுச்சீட்டு அவர்களிடம் இருந்தால், கீறல் ஒன்றுக்கு என்ன விலை கேட்டாலும் கொடுக்க வேண்டியதுதான். வாதாட உங்களிடம் பாஷையும் இல்லை. அதே காரணத்துக்காக, வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள், கடைக்காரரும் அதில் தெரியும்படி. ஒவ்வொரு கீறலுக்கும் கிட்டப் போய் விரல் வைத்துக் காட்டுங்கள். ரிம், சைலன்சர், கண்ணாடி, லீவர் நுனி: பின்னால் பிரச்சினை வருவது இவற்றில்தான்.

ஒப்பந்தத்தில் தாய்லாந்து ஆண்டு போட்டிருந்தால் 543ஐக் கழியுங்கள். 2568 என்றால் 2025. நேரத்தையும் வாயால் கேட்க வேண்டாம். தாய்லாந்துப் பேச்சில் இரவு எட்டு மணிக்கு 'ஸோங் தும்' என்பார்கள், அதில் வருவது இரண்டு. திருப்பிக் கொடுக்கும் நேரத்தை 20:00 என்று இலக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

மலைக்கு டியோ மாதிரி ஓட்டோ ஸ்கூட்டர் எடுக்க வேண்டாம். நீண்ட இறக்கத்தில் இஞ்சின் இழுவை போதாது. பிரேக் சூடேறி மணக்கத் தொடங்கும், பிறகு பிடிக்காது. வட தாய்லாந்தில் சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊர் வரை 762 வளைவு என்று சொல்லப்படும் 1095ஆம் இலக்க வீதிக்கு, கிளட்ச் இல்லாமல் காலால் கியர் மாற்றும் ஹொண்டா வேவ் 125 தாராளம். தூரம் சுமார் 130 கிலோமீற்றர்தான், ஆனால் மூன்று மணி நேரத்துக்குக் குறைய நினைக்காதீர்கள். ஹெல்மெட்டை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். வாடகை ஹெல்மெட்டின் பட்டி பூட்டுகிறதே பெரிய விஷயம்.

ஷெட்டிலும் பஞ்சர் கடையிலும்

இந்தியாவில் அடிக்கத் தொடங்க முன் மீற்றர் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தாய்லாந்தில் பெற்றோலுக்கு 'நம்மன்', டாங்கி நிரப்ப 'தெம் தாங்', 95 ரகப் பெற்றோலுக்கு 'காவ் ஹா'. ஆண்கள் ஒவ்வொன்றின் முடிவிலும் 'க்ரப்', பெண்கள் 'க' சேர்த்தால் மரியாதை. மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் லேபலை ஊழியருக்குக் காட்டுங்கள்; எந்த வகை என்பதை அதுவே சொல்லும். டீசல் குழாய் வருகிறதா என்று மட்டும் கண் வைத்திருங்கள். மலேசியாவில் 'இசி பெனோ' என்றால் நிரப்புங்கள். எண்ணெய் 'மின்யாக்', கராஜ் 'பெங்கெல்', பஞ்சர் 'தயார் பன்ச்சிட்'.

தாய்லாந்து மொழியில் ஒரே ஒலி ஏற்ற இறக்கத்தால் வேறு பொருள் ஆகும். ஆகவே பஞ்சருக்கு 'யாங் ருவா' என்று சொல்லிப் பார்த்து, விளங்காவிட்டால் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்காமல் டயரைத் தொட்டுக் காட்டி அட்டையை நீட்டுங்கள். செயின் 'சோ', பிளக் 'ஹுவா தியன்', பிரேக் அங்கேயும் 'பிரேக்'.

மெக்கானிக்கிடம் கோளாறைப் பெயர் சொல்லி விளக்க முயல வேண்டாம். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சத்தம் வரும்போது அந்த இடத்தைக் காட்டுங்கள். ஓடும்போது மட்டும் வருகிற சத்தத்தை முதலே போனில் பதிந்து வையுங்கள். வேலை தொடங்க முன் விலையைக் கல்குலேட்டரில் அடிக்கச் சொல்லுங்கள், அடித்ததைப் படம் எடுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். மாற்றினார்களா இல்லையா என்பதற்கு அதுவே சாட்சி. காற்றுக்கு இலக்கம் மட்டும் போதும், அலகு மாறும் என்பதை நினைவில் வையுங்கள்: 29 பி.எஸ்.ஐ. என்பது 2 பார், அல்லது 200 கிலோபஸ்கால். பார் மீற்றரில் 29ஐத் தேடக் கூடாது.

டியூப்லெஸ் டயருக்கான பிளக் கிட், சின்னப் பம்ப், 10, 12, 14 ஸ்பானர், 4, 5, 6 அலன் சாவி, கேபிள் டை, இன்சுலேஷன் டேப். இவை இருந்தால் பாதிக் கதை மிச்சம்.

வழி கேட்பது

"இது பாய் போற றோட்டா?" என்று கேட்காதீர்கள். விளங்காதவரும் மரியாதைக்கு ஓம் என்று தலையாட்டுவார். ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி, இரண்டு கையையும் விரித்து, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அவர் கை நீட்டித்தான் ஆக வேண்டும். ஊரின் பெயரை அந்நாட்டு எழுத்தில் போனில் பெரிதாக வைத்துக் காட்டுங்கள். மேப்பைக் காட்டுவதை விட இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் மேப் வாசித்துப் பழகாத பெரியவர்கள் ஏராளம். ஐந்து கிலோமீற்றர் போய் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

வட இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு: ஹிந்தியில் வலது 'தாயேன்', இடது 'பாயேன்'. ஹெல்மெட்டுக்குள் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். கையைப் பாருங்கள், காதை நம்பாதீர்கள். நேரே என்பதற்கு 'சீதா'. மலையாளத்தில் 'இடத்து', 'வலத்து', 'நேரே'. மலாயில் இடம் 'கிரி', வலம் 'கானன்', நேரே 'தெருஸ்'. பலகையில் 'ஆவாஸ்' என்றால் கவனம், 'குராங்கான் லாஜு' என்றால் வேகத்தைக் குறை.

சாப்பாடு

காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முஸ்லிம் ஆட்களுக்கு மலேசியாவில் கவலையில்லை. வட தாய்லாந்தில் பன்றி இறைச்சி சாதாரணம். 'மாய் சாய் மூ' என்றால் பன்றி போட வேண்டாம் என்று பொருள். ஆனால் சூப்பும் எண்ணெயும் பன்றியிலிருந்து வரலாம் என்பதால், ஹலால் சின்னம் போட்ட கடைகளைக் காலையிலேயே மேப்பில் குறித்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் 'ஜே' என்று மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடையைத் தேடலாம்.

பொலிஸும் விபத்தும்

மறித்தால் ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றுங்கள். முகம் தெரிந்தால் பாதி இறுக்கம் போகும். லைசன்ஸ், சர்வதேசப் பத்திரம், வண்டிக் கடதாசி மூன்றையும் ஒரே உறையில் வைத்து நீட்டுங்கள். பொக்கெட் பொக்கெட்டாகத் தேடிக்கொண்டு நிற்பது சந்தேகத்தைக் கிளப்பும். தண்டப் பணம் என்றால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள், குரலை உயர்த்தாமல்.

விபத்தில் முதல் வேலை ஆட்களின் காயத்தைப் பார்ப்பது, அடுத்தது இலக்கத்தை அழைப்பது. இந்தியா 112. மலேசியா 999. தாய்லாந்தில் பொலிஸ் 191, அம்புலன்ஸ் 1669, சுற்றுலாப் பொலிஸ் 1155. கடைசி இலக்கத்தில் ஆங்கிலம் கதைப்பார்கள், அவர்களையே மற்றவர்களுக்கு மொழிபெயர்க்கச் சொல்லலாம். வண்டிகளை அசைக்க முன் நாலு பக்கமும் படம் எடுங்கள்.

வாசிக்கத் தெரியாத எந்தக் கடதாசியிலும் கையொப்பம் வைக்காதீர்கள். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அட்டையில் இருக்கும் "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்ற வாக்கியத்தைக் காட்டி, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நில்லுங்கள். சென்னையில் இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம், கோலாலம்பூரில் உயர்ஸ்தானிகராலயம், பாங்கொக்கில் தூதரகம் இருக்கின்றன. இலக்கங்களைப் புறப்பட முன் அட்டையில் எழுதிவிடுங்கள். காப்புறுதிக்காரருக்கு அன்றைக்கே அறிவியுங்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது

பகல் வெளிச்சத்தில் கொடுங்கள், கழுவிய பிறகு. மண் ஒட்டிய வண்டியில் பழைய கீறலும் புதுக் கீறலாகத் தெரியும். முதல் நாள் வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு கடைக்காரரோடு சேர்ந்து வண்டியைச் சுற்றி வாருங்கள். வைப்புப் பணத்தை எண்ணி வாங்கி, "வண்டி பெறப்பட்டது, பாக்கி இல்லை" என்று அவருடைய பாஷையிலேயே ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தமிழ்நாட்டில் கமராத் தண்டப் பணம் பிறகும் வண்டிக்காரரின் பெயருக்கு வரலாம். ஆகவே எந்தத் திகதி, எத்தனை மணி வரை வண்டி உங்களிடம் இருந்தது என்பதும் அந்த வரியில் இருக்கட்டும். கட்டுநாயக்காவில் இறங்கி மட்டக்களப்பு பஸ் எடுக்க முன் அதைப் படம் பிடித்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவிடுங்கள்.